வீட்டுக்காரர் வாயில வெள்ளைத் திட்டு: ரிப்போர்ட் வந்ததுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை

பாலாடா தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க.

எங்க வீட்டுக்காரருக்கு 41 வயசு. கேத்தி பாலாடா பக்கம் பிக்கப் வண்டி ஓட்டுறார், கேரட் லோடு. எங்க ஊர்ல கேரட் எடுக்குறதே நடுராத்திரியிலதான். தலையில லைட்டு மாட்டிக்கிட்டு தோட்டத்துல இறங்குவாங்க, மெஷின்ல கழுவி மூட்டை பிடிச்சு ஏத்தினா, இவர் இருட்டோட குன்னூர், பர்லியாறு இறங்கி மேட்டுப்பாளையம் மண்டியில கொண்டு போய்ச் சேர்க்கணும். கொண்டை ஊசி வளைவுல கண்ணு சொக்கக் கூடாதுன்னு 15 வருஷமா கீழ் உதட்டுக்குள்ள புகையிலை வைக்கிற பழக்கம். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் விட்டுட்டேன். அதை நினைச்சா இப்ப வயிறு எரியுது.

தை மாசம் கடவாய்ப் பல் வலின்னு ஒரு பல் டாக்டர்கிட்ட போனோம். பல்லைப் பார்த்தவங்க, அப்படியே உதட்டை மடிச்சுப் பார்த்தாங்க. கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையா, காஞ்ச சுண்ணாம்பு மாதிரி சுருக்கம் விழுந்து இருந்துச்சு. பஞ்சு வெச்சுத் துடைச்சாங்க. போகலை. அந்தம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசாம கையுறையைக் கழட்டினாங்க பாருங்க, அப்பவே எனக்குக் கால் ரெண்டும் துவண்டு போச்சு. கோயமுத்தூருக்கு அனுப்பினாங்க. ஒரு சின்னத் துண்டு எடுத்து ஒரு தையல் போட்டாங்க. 10 நாள் கழிச்சு ரிப்போர்ட்: மிதமான டிஸ்ப்ளேசியா. "இது புற்றுநோய் இல்லைம்மா, ஆனா அப்படியே விட்டா ஆகலாம். புகையிலையை இன்னிக்கே நிறுத்தணும். அடுத்த மாசம் லேசர்ல எடுத்துடலாம், அப்புறம் 3 மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும்"னு டாக்டர் சொன்னார்.

வீட்டுக்காரர் வெளியே வந்ததும், "அதான் இல்லைன்னுட்டாரே, பசிக்குது வா"ன்னார். எனக்கு அந்த "ஆகலாம்" மட்டும்தான் காதுல நிக்குது.

ஏன்னா எங்க தாய்மாமாவுக்கு வாயிலதான் வந்துச்சு. அப்ப எனக்கு 14 வயசு. கடைசி நாலு மாசம் மூக்கு வழியா குழாய் போட்டு கஞ்சித் தண்ணி ஊத்தினது நான்தான். அத்தையால பார்க்க முடியாதுன்னு என்னைக் கூப்பிடுவாங்க. அந்த வாடை இன்னும் எனக்கு மறக்கலை.

இப்ப நான் என்ன பண்றேன் தெரியுமா? தினம் அவர் வந்து படுத்ததும் செல்போன் டார்ச் அடிச்சு, உதட்டை மடிச்சுப் பார்க்குறேன். நேத்தைக்கு விட பெருசா இருக்கோன்னு போட்டோ எடுத்து வெச்சு ஒத்துப் பார்க்குறேன். சட்டைப் பையைத் துழாவுறேன், வண்டிக்குள்ள தேடுறேன். போன வியாழக்கிழமை சீட்டுக்கு அடியில ஒரு பாக்கெட் கிடைச்சுது. சத்தம் போட்டுட்டேன், பையன் எழுந்துட்டான். "உள்ள வரும்போது திருடனைப் பிடிக்கிற மாதிரி டார்ச்சோட நிக்கிறே. எனக்கு வீட்டுக்கு வரவே பிடிக்கலை"ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டார். அன்னையில இருந்து வெளிக் குழாயில வாய் கொப்பளிச்சுட்டுத்தான் உள்ள வர்றார். இந்த உறைபனிக் குளிர்ல, அந்தத் தண்ணியில. நான் படுத்துக்கிட்டே அந்தக் குழாய் சத்தத்தைக் கேட்டுட்டு இருக்கேன்.

மாமியார் வேற, "கத்தி பட்டா பரவிடும், லேசரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், பச்சிலை வெச்சுக்கலாம்"னு சொல்றாங்க.

இதே மாதிரி இருந்து வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. இந்த நாளை எல்லாம் எப்படி ஓட்டுனீங்க? தையல் மெஷின்ல உக்காந்தா ஒரு ஜாக்கெட் முடிக்க முடியலை.

பல் டாக்டர், கோவை:

உங்க மாமியார் சொன்னதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுலதான் பலர் நாளைக் கடத்திடறாங்க. சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிற பயாப்சியாலயோ லேசராலயோ இது பரவாது. பச்சிலை, சுண்ணாம்பு, மஞ்சள்னு எதையும் அந்த இடத்துல வைக்காதீங்க, புண்ணாகி நாங்க பார்க்க வேண்டியது மறைஞ்சு போகும்.

டிஸ்ப்ளேசியான்னா செல்கள் வரிசை தப்பி வளர ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். லேசானது, மிதமானது, கடுமையானதுன்னு பிரிப்போம். இது மேல்தோலுக்குள்ளயே இருக்கு. அதுக்கு அடியில இருக்கிற படலத்தைத் தாண்டி உள்ள போனாதான் அதுக்குப் புற்றுநோய்னு பேர். உங்க வீட்டுக்காரருக்குத் தாண்டலை. வெள்ளைத் திட்டு உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது புற்றா மாறுறதே இல்லை. டிஸ்ப்ளேசியா இருந்தா வாய்ப்பு கூடுது, அதனாலதான் எடுக்கச் சொல்றாங்க. எடுத்த பிறகும் திரும்ப வரலாம், 3 மாச செக்கப்பை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளாதீங்க. புகையிலையை நிறுத்தினதும், அதை வெச்ச இடத்துல வந்த திட்டு சில வாரத்துல மெலிஞ்சு போனதையும் நான் பார்த்திருக்கேன்.

தினமும் டார்ச் வேண்டாம்மா. இது ஒரே ராத்திரியில மாறுற விஷயம் இல்லை, தினம் பார்த்தா உங்களுக்கு வித்தியாசமும் தெரியாது. மாசம் ஒரு தடவை, பகல் வெளிச்சத்துல போதும். சிவப்பு கலந்தாலோ, தடிச்சுக் கெட்டியானாலோ, 2 வாரம் ஆகியும் ஆறாத புண் இருந்தாலோ, கழுத்துல கட்டி தட்டுப்பட்டாலோ, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம வாங்க.

இன்னொண்ணு. புகையிலையை விட்டுட்டு வெறும் பாக்குக்கு மாறுறவங்க நிறைய. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல வெளியிட்ட அறிக்கையிலயே, புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும்னு தெளிவா சொல்லியிருக்கு. அதுவும் வேண்டாம்.

உங்க மாமா எந்த நிலையில டாக்டர்கிட்ட போனார்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. உங்க வீட்டுக்காரர் அங்க இல்லை.

கூடலூர் லோடுக்காரன்:

தங்கச்சி, நானும் 11 வருஷம் உதட்டுல வெச்சவன். நாடுகாணி இறக்கத்துல கேரளா லோடு ஓட்டுறேன். விட்டு ஆறு வருஷம் ஆச்சு. அவர் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

"அதான் இல்லைன்னுட்டாரே"ன்னு சொன்னது உங்களுக்காக. ஸ்டியரிங் பிடிச்சுட்டு தனியா போறப்ப நாக்கு தானா அந்த இடத்துக்குத்தான் போகும். தடவிக்கிட்டே இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.

விட்ட முதல் மூணு நாலு நாள்தான் நரகம். சும்மா இருக்கிறவன் மேல கோவம் வரும், தூக்கம் கெடும், கை எதையாவது தேடும். மூணு நாலு வாரத்துல நல்லாவே அடங்கிடும். நடுவுல ஒரு தடவை வெச்சுட்டார்னா எல்லாம் போச்சுன்னு நினைக்காதீங்க. நான் நாலு தடவை விட்டு அஞ்சாவது தடவைதான் முழுசா விட்டேன். பாக்கெட்டை ஒளிச்சு வெச்சார்னா அது உங்களை ஏமாத்த இல்லை, உங்க முகத்தைப் பார்க்க பயம்.

முக்கியமா ஒண்ணு, இதை வீட்ல யாரும் யோசிக்கிறதில்லை. அது இல்லாம மலையிறங்குறப்ப தூக்கம் சொக்கும். அவர் அதை வெச்சதே அதுக்குத்தான். பர்லியாறுல வண்டியை ஓரம் கட்டி கால் மணி நேரம் கண்ணை மூடச் சொல்லுங்க, மண்டி எங்கயும் ஓடிடாது. புகையிலை வைக்கணும்னு வெறி வந்தா அஞ்சு பத்து நிமிஷத்துல தணிஞ்சுடும், அந்த நேரத்தை மட்டும் கடத்தணும். ஃபிளாஸ்க்ல சுக்கு காபி, டேஷ்போர்டுல நாலு கிராம்பு. நான் 1800-11-2356க்கு போன் பண்ணேன், புகையிலையை விட உதவுற அரசாங்க நம்பர், இலவசம். அவர் கையால அவரே அடிக்கட்டும், நீங்க அடிச்சுக் குடுக்காதீங்க.

மஞ்சூர் அக்கா:

கண்ணு, நீ எழுதினதைப் படிச்சதும் நானே எழுதின மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கு 2018ல நாக்கு ஓரத்துல. வெள்ளையும் சிவப்பும் கலந்து. எடுத்தாங்க. 2021ல பக்கத்துலயே கொஞ்சம் வந்துச்சு, மறுபடி எடுத்தாங்க. இப்ப 62 வயசு, காலையில தேயிலைத் தோட்டத்துக்குப் போயிட்டுத்தான் காபி குடிக்கிறார்.

எனக்குப் பயம் போயிடுச்சான்னு கேட்டா, இல்லை. செக்கப்புக்கு முந்தின வாரம் இப்பவும் உப்பு ரெண்டு தடவை போட்டுடுவேன். ஆனா முதல் வருஷம் மாதிரி இல்லை. அப்ப நானும் போன்ல படம் படமா தேடுவேன், விடியற வரைக்கும். பார்க்கிறது எல்லாம் முத்திப் போன படமா வரும், அதுல இவர் முகத்தை ஒட்டி வெச்சுப் பார்ப்பேன். ஒரு நாள் பொண்ணு போனைப் பிடுங்கிட்டு, ஒரு 40 பக்க நோட்டைக் குடுத்தா. பயம் வந்தா அதுல எழுதும்மா, டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்னா. எழுதினேன். "காரம் சாப்பிட்டா வருமா, நாக்கைக் கடிச்சுட்டா வருமா, எனக்கும் ஒட்டுமா." 3 மாசம் கழிச்சு டாக்டர் ஒவ்வொண்ணா படிச்சு பதில் சொன்னார். வாசல்ல நின்னு அழுதேன், அந்த அளவுக்கு லேசா இருந்துச்சு.

நீ 14 வயசுல குழாய்ல கஞ்சி ஊத்தினதை இதுவரைக்கும் யார்கிட்டயாவது உக்காந்து சொல்லியிருக்கியா? உன் வீட்டுக்காரர்கிட்ட? அவருக்கு நீ எதுக்கு டார்ச் பிடிக்கிறேன்னே தெரியாம இருக்கலாம். அவர் வண்டி எடுத்துட்டுப் போன பிறகு அந்த ரெண்டு மணி மூணு மணிக்கு ரொம்ப முட்டினா 14416க்கு அடி, டெலி மானஸ்னு மனசுக்கான நம்பர், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். கூச்சப்படாதே கண்ணு. நான் அடிச்சிருக்கேன்.

லேசர் அன்னைக்கு நீயும் கூடப் போ. பையனை யார்கிட்டயாவது விட்டுட்டுப் போ.

பாலாடா தையல்காரி:

மூணு பேருக்கும் கை எடுத்துக் கும்பிடுறேன். பதில் எழுத நாலு நாள் ஆயிடுச்சு.

மஞ்சூர் அக்கா, நீங்க கேட்ட கேள்விதான் என்னை அப்படியே நிறுத்திடுச்சு. நான் சொன்னதே இல்லை. மாமா எப்படி செத்தார்னு அவருக்குத் தெரியும், குழாய் பிடிச்சது நான்னு தெரியாது. ஞாயித்துக்கிழமை லோடு இல்லை, பையன் விளையாடப் போயிருந்தான். சொன்னேன். அவர் பேசவே இல்லை, எந்திரிச்சுப் போய் அடுப்புல பால் வெச்சார். அப்புறம் அங்கிருந்தே, ரிப்போர்ட் வந்த பிறகு ரெண்டு தடவை வெச்சுட்டேன், காட்டேரி ஊரைத் தாண்டினதும் மூடுபனி, முன்னாடி ஒண்ணும் தெரியலை, கை தானா போயிடுச்சுன்னார். எனக்குக் கோவம் வரலை, அது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

கூடலூர் அண்ணன் எழுதினதை அவரே ரெண்டு தடவை படிச்சார். அந்த நாக்கு போற விஷயத்தைப் படிச்சப்ப என்னை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். நம்பரை அவர் போன்ல ஏத்திக்கிட்டார். அடிச்சாரான்னு நான் கேக்கலை. பர்லியாறுல வண்டியை நிறுத்திட்டு "தூங்கப் போறேன்"னு ஒரு மெசேஜ் போடுறார், அது வந்தா எனக்கும் கண்ணு மூடுது.

போட்டோ எல்லாம் அழிச்சுட்டேன். மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை அவரே ஜன்னல்கிட்ட நின்னு காட்டுறேன்னு சொல்லியிருக்கார். இன்னிக்குக் காலையில வெளிக் குழாய் சத்தம் கேக்கலை, நேரா உள்ள வந்துட்டார்.

டாக்டரம்மா, மாமியார்கிட்ட நீங்க எழுதினதைச் சத்தமா படிச்சுக் காட்டினேன், லேசருக்குச் சரின்னுட்டாங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். லேசர் முடிஞ்சு எத்தனை நாள் காரம் இல்லாம குடுக்கணும்? எந்த நாள்ல இருந்து வண்டி எடுக்கலாம்? நோட்டு ஒண்ணு வாங்கியிருக்கேன், முதல் பக்கத்துல இந்த ரெண்டையும்தான் எழுதி வெச்சிருக்கேன்.