புதுப்பிப்பு: தங்கை மகனின் விட்டு விட்டு வந்த அழுகை

எட்டு மாதப் பிள்ளை காலை மடக்கிக்கொண்டு வீறிடுகிறான், அப்புறம் துவண்டுவிடுகிறான், உரம் எடுக்கலாமா (பிள்ளையைத் துணியில் போட்டு உருட்டும் நாட்டு வைத்தியம்) என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். வேண்டாம், உடனே ஸ்கேன் பாருங்கள் என்றவர்களுக்குக் கோடி நன்றி. அன்றிரவே பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியில் மாற்றிய துணியில் சளியும் ரத்தமும் கலந்து நாவல்பழக் கூழ் மாதிரி இருந்தது.

ஸ்கேனில் தெரிந்தது குடல் செருகல். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும். தாமதித்தால் ரத்த ஓட்டம் நின்று குடலே அழுகிவிடலாம். ஆசனவாய் வழியாக உப்புநீர் ஏற்றி, ஸ்கேனில் பார்த்தபடியே விடுவித்தார்கள். கத்தி வைக்கவில்லை. துணியில் போட்டு உருட்டுவதெல்லாம் இதற்குச் செய்யவே கூடாது, தயவுசெய்து!

இப்போது தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறான். சிலருக்குத் திரும்ப வருமாம். அதே அழுகையோ வாந்தியோ ரத்தமோ கண்டால் நேராக வந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.