டெக்சாஸுக்குக் கலிபோர்னியா கொடுத்த பதிலடி சரியா?

வடகாற்று:
விவரம் தெரியாதவர்களுக்காக முதலில் கதைச் சுருக்கம். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதி எல்லைகளைத் திருத்துவார்கள். 2025 கோடையில் டிரம்ப் கேட்டுக்கொண்டபடி டெக்சாஸ் இடையிலேயே எல்லையை மாற்றியது. பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்குரிய 38 இடங்களில் 25 ஏற்கெனவே டிரம்பின் குடியரசுக் கட்சியிடம். இன்னும் ஐந்து வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். டெக்சாஸ் சட்டமன்றம் கூடத் தேவையான எண்ணிக்கை சேரக்கூடாது என்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இல்லினாய் மாநிலத்துக்குக் கிளம்பிப் போனார்கள். கொஞ்ச நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். பதிலுக்குக் கலிபோர்னியா, நவம்பர் 4 அன்று பிராப் 50 என்ற மக்கள் வாக்கெடுப்பை நடத்தித் தன் வரைபடத்தையும் மாற்றிக்கொண்டது. குறி அங்கேயும் ஐந்து இடம்தான், ஆனால் ஜனநாயகக் கட்சிக்கு. நான் ஆதரித்து வாக்களித்தேன். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மறுப்பவர்கள் பேசலாம்.

கரிசல்:
நான் மறுக்கிறேன். கலிபோர்னியா பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. 2008-லும் 2010-லும் மக்களே வாக்களித்து, எல்லை வரையும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பிடுங்கி ஒரு குடிமக்கள் ஆணையத்திடம் கொடுத்தார்கள். 14 பேர்: இரண்டு கட்சிக்கும் ஐந்தைந்து, எந்தக் கட்சியையும் சேராதவர் நான்கு. அதைத்தான் இப்போது ஓரங்கட்டியிருக்கிறார்கள்.

புது வரைபடத்தில் மோடோக் கவுண்டியைப் பாருங்கள். வடகிழக்கு மூலை, ஒரேகான் எல்லை, மாடு வளர்ப்பும் வைக்கோலும்தான் பிழைப்பு. அதைக் கொண்டுபோய் கோல்டன் கேட் பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் மரின் கவுண்டியோடு ஒரே தொகுதியாக ஒட்டியிருக்கிறார்கள். நாட்டிலேயே பணக்கார ஊர்களில் சில அங்கே இருக்கின்றன. அந்த மாட்டுப்பண்ணைக்காரர் தண்ணீர்ப் பிரச்சினை என்று வந்தால் இனி யாரிடம் போய் நிற்பார்? டெக்சாஸ் செய்த தப்புக்கு அவருக்கு ஏன் தண்டனை?

வடகாற்று:
மோடோக் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் வேறு வழி என்ன இருந்தது? நீதிமன்றமா? கட்சி லாபத்துக்காக எல்லை வரைவது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய வழக்கே இல்லை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று கைகழுவிவிட்டது. சட்டமா? எல்லா மாநிலத்துக்கும் சுயேச்சை ஆணையம் என்ற மசோதா 2021-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட இல்லை. செனட்டில் போய் நின்றுவிட்டது. 2024 தேர்தல் முடிவு 220-215. மூன்று இடம் கைமாறினால் சபையே கைமாறும். இந்த நிலைமையில் ஒரு பக்கம் மட்டும் நெறியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தோற்பது அந்த நெறியும்தான்.

மணிமுத்தாறு:
டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன், குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவன். டெக்சாஸ்தான் ஆரம்பித்தது என்ற கதையை ஏற்க முடியாது. இல்லினாயில் 2024-ல் டிரம்புக்கு 43 சதவீதம் வாக்கு. ஆனால் 17 இடங்களில் 14 ஜனநாயகக் கட்சிக்கு. மாசசூசெட்ஸில் ஒன்பதுக்கு ஒன்பதும் அவர்களுக்கே. எங்கள் மாநிலத்தில் எல்லையை வரைவது மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம். பிடிக்காவிட்டால் அவர்களைத் தோற்கடிக்கலாம். யாரும் தேர்ந்தெடுக்காத ஆணையத்தை என்ன செய்ய முடியும்?

தாமரைக்குளம்:
இல்லினாய் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அங்கே 13-வது தொகுதி ஷாம்பெயினில் தொடங்கி டிகேட்டர், ஸ்பிரிங்ஃபீல்ட் வழியாக மெல்லிய நாடாவாக ஓடி கிழக்கு செயின்ட் லூயிஸில் முடிகிறது. வழியில் இருக்கும் வயற்காட்டை விட்டுவிட்டு நகரங்களை மட்டும் கோத்திருக்கிறார்கள்.

மாசசூசெட்ஸ் வேறு கதை. டிரம்புக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தது உண்மை. ஆனால் அந்த வாக்காளர்கள் மாநிலம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் பரவியிருக்கிறார்கள். நேர்மையாக வரைந்தாலும் அவர்களுக்கு ஓர் இடம் தேற்றுவது கஷ்டம்.

அப்புறம், ‘தோற்கடிக்கலாம்’ என்கிறீர்களே, அது எப்படி? டெக்சாஸில் சட்டமன்றத் தொகுதிகளையும் அந்தச் சட்டமன்றமேதான் வரைகிறது. யார் தன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பவரை எப்படித் தோற்கடிப்பது?

மணிமுத்தாறு:
அது நியாயமான கேள்வி. ஆனாலும் இரண்டு பக்கமும் செய்வதை ஒரு பக்கத்தின் பாவமாக மட்டும் எழுதாதீர்கள்.

கரிசல்:
வடகாற்று, வேறு வழியே இல்லை என்றீர்கள். இண்டியானாவைப் பார்த்தீர்களா? மாநில செனட்டில் 50-ல் 40 பேர் குடியரசுக் கட்சி. ஒன்பது இடத்தையும் தங்கள் கட்சிக்கே எடுக்கும் வரைபடம் கீழவையில் நிறைவேறி வந்தது. டிரம்ப் நேரடியாக நெருக்கினார். உறுப்பினர்கள் சிலருக்கு மிரட்டல்களும் வந்தன. அப்படியிருந்தும் 2025 டிசம்பரில் 31-19 என்று தோற்கடித்தார்கள். அவர்களில் 21 பேர் அதே கட்சிக்காரர்கள். தன் கட்சிக்கே முடியாது என்று சொன்ன இந்த 21 பேரைத்தான் நான் மதிக்கிறேன். அவர்களைப் போன்றவர்களுக்கு நாம் தரக்கூடிய பலம், நம் மாநிலத்திலும் அதையே செய்வது. பிராப் 50 அவர்கள் எதிரிகள் கையில் ஒரு வாதத்தைக் கொடுத்தது.

வடகாற்று:
அந்த 21 பேரை நானும் மதிக்கிறேன். ஆனால் அதே சமயத்தில் மிசூரி மாநிலம், ஜனநாயகக் கட்சி பலமாக இருக்கும் கன்சாஸ் சிட்டியைக் கூறு போட்டது, வட கரோலினாவும் மாற்றியது. இண்டியானாவை நம்பி நாடு முழுக்கச் சும்மா இருக்க முடியாது. அதோடு ஒரு வித்தியாசம் இருக்கிறது. டெக்சாஸ் யாரையும் கேட்கவில்லை. கலிபோர்னியா மக்களைக் கேட்டது, ஏறத்தாழ 64 சதவீதம் பேர் சரி என்றார்கள். காலக்கெடுவும் அதிலேயே எழுதியிருக்கிறது: 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு வேலை திரும்ப ஆணையத்திடமே போகும்.

தாமரைக்குளம்:
இரண்டு பேருமே ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பதை மாற்ற முடியாத விதி போல எடுத்துக்கொள்கிறீர்கள். அது அரசியல் சாசனத்தில் இல்லை. 1967-ல் காங்கிரஸ் போட்ட சாதாரணச் சட்டம். நான்கைந்து உறுப்பினர்களைக் கொண்ட பெரிய தொகுதிகளாக்கி, வாக்கு விகிதப்படி இடம் கொடுத்தால், மாசசூசெட்ஸ் குடியரசுக் கட்சிக்காரருக்கும் ஆள் கிடைக்கும், டாலஸ் ஜனநாயகக் கட்சிக்காரருக்கும் கிடைக்கும். எல்லைக் கோட்டை வளைப்பதில் லாபம் குறைந்துவிடும். இதற்கான மசோதா காங்கிரஸில் பலமுறை வந்திருக்கிறது.

மணிமுத்தாறு:
இதை நான் ஆதரிப்பேன். ஆனால் இன்றைய முறையில் ஜெயித்தவர்கள்தான் அதற்கும் வாக்களிக்க வேண்டும்.

கரிசல்:
நானும் ஆதரிப்பேன். வடகாற்று சொன்ன காலக்கெடுவையும் ஒத்துக்கொள்கிறேன். அதை நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி மக்களிடம்தான் வர வேண்டும், அதுவரை நல்லது. ஆனால் அதற்குள் 2026, 2028, 2030 என்று மூன்று தேர்தல்கள் இருக்கின்றன. மூன்றிலும் மோடோக்கின் வாக்கு மரினுக்குள் கரைந்துபோகும். 64 சதவீதம் பேர் சரி என்று சொன்னதால் அது சரியாகிவிடாது.