அனுமதி பெறாத வேலையை ஸ்பானிய மொழியில் எப்படிக் குறிப்பது?

கேள்வி (திருப்பூர்): வாங்குபவரின் ஒப்புதல் இல்லாமல் வெளி யூனிட்டில் பனியன் தைக்கக் கொடுத்ததை விளக்கி, எங்கள் ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து ஸ்பெயினுக்குக் கடிதம் எழுதுகிறேன். 'இலெகால்' என்ற சொல் பொருந்துமா?

பதில் (கோவை): வேண்டாங்க. அச்சொல் சட்டத்துக்கே புறம்பானது என்று பொருள்படுவதால், செய்யாத குற்றத்தையும் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்புதல் இல்லாமையே குறை என்றால் 'நோ அவுத்தோரிசாதோ' போதும். ஆனால் துணை ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'சுப்கோந்த்ரத்தாசியோன்' பெண்பாற்சொல் என்பதால், அதனோடு வரும்போது 'அவுத்தோரிசாதா' என்றே முடிய வேண்டும்.

பதில் (ஈரோடு): 'கிளாந்தெஸ்தீனோ'வும் ஆகாது, ஒளித்துச் செய்த வாடை அதில் வீசும்.

பதில் (கரூர்): அகராதியில் 'ஒஃபிசியோசோ' கண்ணில் பட்டால் ஏமாற வேண்டாம். அதிகார வட்டாரத்திலிருந்து கசிந்தும் முறைப்படி அறிவிக்கப்படாத செய்திக்கே அது உரியது, தையலுக்கு அன்று.

கேட்டவர்: நன்றிங்க, 'நோ அவுத்தோரிசாதா' என்றே திருத்திவிட்டேன்.