இடப்பக்கத் தாடை, காதடி, பிடரி எல்லாம் ஒண்டா வலிக்குது. பல்லுமில்லயாம் காதுமில்லயாம், அப்ப என்னதான் இது?

ஊசிநூல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஆரையம்பதி, வயசு 38, வீட்டிலயே மெசின் போட்டு தைக்கிறன். ஸ்கூல் யூனிபோம், சாரி பிளவுஸ் அப்பிடி, வைகாசிச் சடங்கு நேரமெண்டா ராவு பன்னிரண்டும் தாண்டும்.

ஒரு வருசத்துக்கு மேல இடப்பக்கம் காதுக்கு முன்னுக்கு ஒரு வலி. குத்துற வலி இல்ல, யாரோ பெருவிரலால அமத்திக்கிட்டே இருக்கிற மாதிரி. காலையில எழும்பினா வாய் இறுகிக் கிடக்கும், பாண் கரையைக் கடிக்க ஒண்ணா, தேத்தண்ணியில நனைச்சித்தான் சாப்பிடுறன். கொட்டாவி விட்டா "டக்" எண்டு சத்தம், பக்கத்தில படுக்கிற மகளுக்கே கேக்கும். காது தண்ணி போன மாதிரி அடைச்சிக் கிடக்கும். பின்னேரமாகினா வலி பிடரிக்கு இறங்கி தோளுக்கு வரும், நெத்திப்பொட்டும் சேர்ந்து இடிக்கும்.

முதல்ல பல்லு எண்டு நினைச்சி ஒரு தனியார் இடத்தில காட்டினன், கடைவாய்ப் பல்லொண்டை புடுங்கிட்டாங்க. புடுங்கின பல்லை கையில வாங்கிப் பார்த்தன், ஒரு சூத்தை இல்ல. வலி அப்பிடியேதான். மறுகா காது டொக்டர், அவர் காது நல்லாத்தான் இருக்கு எண்டார். கழுத்து எக்ஸ்ரே எடுத்தம், அதிலயும் ஒண்டுமில்ல. கடைசியா பார்த்தவர் "ஸ்ட்ரெஸ் அம்மா, கனக்க யோசிக்காதிங்க" எண்டு அனுப்பிட்டார். யோசிக்காம இருக்கிறதுக்கு ஒரு குளிசை இருந்தா தாங்க எண்டு கேக்கத்தான் வாய் வந்தது, வாயும் தொறக்க ஒண்ணாதே.

இப்ப பக்கத்துப் பல்லையும் புடுங்கச் சொல்றாங்க. புடுங்கிறதா வேணாமா? எந்த டொக்டரிட்ட போறது? தினமும் ரெண்டு பனடோல் போடுறன், அது இல்லாட்டி மெசின்ல குந்த ஒண்ணா.

கல்லடிப்பாலம்:
கிராம்பு எண்ணெய் பஞ்சில நனைச்சி வையுங்க அக்கா, நல்லெண்ணெய் வாயில வெச்சி கொப்பளிங்க. எனக்கு ரெண்டு நாள்ல போயிட்டு.

ஊசிநூல்:
தம்பி கிராம்பு எண்ணெய் போத்தலே முடிஞ்சி போயிட்டு. நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

மருதமுனைக்காரன்:
அக்கா தயவுசெஞ்சி ரெண்டாவது பல்லை இப்ப புடுங்கிடாதீங்க. எங்கட உம்மாட கதைய சொல்றன். உம்மாக்கு 61 வயசுல வலக் கன்னத்தில கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு வலி தொடங்கிச்சி, மெய்தான் கரண்ட் மாதிரியேதான், ஒரு செக்கன் ரெண்டு செக்கன் அடிக்கும், கையால முகத்தைப் பொத்திக்கிட்டு அப்பிடியே உறைஞ்சி போயிடுவா, பொறகு ஒண்டுமே இல்லாத மாதிரி இரிப்பா. முகம் கழுவினா வரும், பல்லு விளக்கினா வரும், மோட்டர்சைக்கிள்ல போகக்குள்ள காத்துப்பட்டாலும் வரும். நாங்களும் பல்லுதான் எண்டு நினைச்சி மூணு பல்லு புடுங்கினம், மூணும் சும்மா போச்சி. கடைசியா நரம்பு டொக்டரிட்ட காட்டினதுக்குப் பொறகுதான் இது முகத்துக்கு வாற நரம்பில உள்ள பிரச்சினை, ட்ரைஜெமினல் நியூரால்ஜியா எண்டாரு. மூளைக்குக் கிட்ட அந்த நரம்பு தொடங்கிற இடத்தில ரத்தக் குழாயொண்டு முட்டிக்கிட்டு இரிந்தா இப்பிடி வருமாம். கார்பமசெபின் எண்டு வலிப்புக்குக் குடுக்கிற குளிசை குடுத்தாரு, ஒரு கிழமையில ஆளே மாறிட்டா, அல்ஹம்துலில்லாஹ். அந்தக் குளிசையில ஒரு விசயம் இரிக்கி, தொடங்கின கொஞ்ச நாள்ல உடம்பில தடிப்பு, வாய்ப்புண் வந்தா நிப்பாட்டிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரச் சொன்னாரு, நம்மட ஆசியா ஆக்களுக்கு அந்த ஒவ்வாமை கொஞ்சம் கூடவாம்.

உங்கட வலி அப்பிடி இல்லண்டுதான் எனக்குப் படுது, நீங்க அமத்திற வலி எண்டுதானே சொல்றீங்க. எண்டாலும் கேட்டுப் பாருங்க. வாப்பா கைத்தறி நெய்ற ஆளு, நாப்பது வருசம் குனிஞ்சே இரிந்தாரு, அவருக்கும் இந்தப் பிடரி வலி இரிந்திச்சி, ஆனா தாடைக்கு வரல்ல.

பிசியோ_அம்பாறை:
அக்கா, நான் பிசியோதெரபி செய்யிற ஆள். ஃபோன்ல எழுதினதை வெச்சி நோய் சொல்ல மாட்டன், ஆனா ரெண்டு மூண்டு கேள்வி. காதுக்கு முன்னுக்கு விரலை வெச்சி வாயைத் தொறந்து மூடுங்க, மூட்டு அசையிறது தெரியும், அதுதான் வலிக்கிற இடமா? பல்லை இறுக்கிக் கடிச்சா கன்னத்தில ஒரு தசை உருண்டு வரும், அதை அமத்தினா நீங்க சொல்ற அதே வலி வருதா? உங்கட மூண்டு விரலை நிமித்தி வாய்க்குள்ள வைக்க முடியுதா? கடைசி, இதுதான் முக்கியம், தைக்கக்குள்ள நூலை என்னத்தால அறுக்கிறீங்க?

ஊசிநூல்:
தம்பி இப்ப கண்ணாடிக்கு முன்னால நிண்டுதான் எழுதுறன். மூட்டு அதே இடம்தான். கன்னத்தில அமத்தினன், ஐயோ, புடுங்கின பல்லு இருந்த இடத்தில போய் வலிக்குது, இல்லாத பல்லு எப்பிடி வலிக்கும்?? ரெண்டு விரல் போகுது, மூண்டாவது போக டக் எண்டுது.

நூல் பல்லாலதான் அறுக்கிறன். இடப்பக்கத்தால. குண்டூசியும் வாயிலதான் வெச்சிருப்பன், அளவு பார்க்கக்குள்ள ஆறு ஏழு ஊசி பல்லுக்கு நடுவில. அம்மாவும் அப்பிடித்தான் தைச்சவ. இதால வருமா?

பிசியோ_அம்பாறை:
இதால மட்டும் எண்டு சொல்ல மாட்டன், ஆனா இதை யாரும் உங்களிட்ட கேக்கல்லயே எண்டுதான் எனக்குக் கவலை.

இல்லாத பல்லு வலிக்கிற கதைய முதல்ல சொல்றன். கன்னத்தில உருண்டு வந்ததே அந்தத் தசைக்குப் பேர் மசெட்டர், உடம்பில அளவுக்குப் பலம் கூடின தசைகள்ல ஒண்டு. அது களைச்சி இறுகினா வலியைத் தன்ட இடத்தில மட்டும் காட்டாது, கடைவாய்ப் பல்லுக்கும் காதுக்கும் அனுப்பும். கழுத்துப் பக்கத்தில காதடியில இருந்து நெஞ்செலும்புக்கு சரிஞ்சி இறங்கிற தசை இருக்கே, அது காதுக்கும் நெத்திக்கும் அனுப்பும். தோள் மேல இருக்கிறது பிடரி வழியா ஏறி நெத்திப்பொட்டில இடிக்கும். முகத்து நரம்பும் கழுத்தின்ட மேல் மூண்டு நரம்பும் மூளைத்தண்டுக்குள்ள ஒரே இடத்திலதான் வந்து சேருது, அதனால எங்க இருந்து வந்த வலி எண்டு மூளைக்கே பிடிபடாது. ரெண்டு வீட்டுக்கு ஒரு மணி மாதிரி. அதனாலதான் பல்லு, காது, கழுத்து எண்டு நீங்க மூண்டு வாசல் ஏறி இறங்கினீங்க, மூண்டு பேரும் தங்கட வாசல்ல ஒண்டுமில்ல எண்டு சொன்னது பொய்யுமில்ல.

"ஸ்ட்ரெஸ்" எண்டவர் சொன்ன விதம் பிழை, விசயத்தில பாதி சரி. வலி உங்கட கற்பனை இல்ல. யோசினை இருக்கக்குள்ள, கவனமா ஒரு வேலை செய்யக்குள்ள, நமக்குத் தெரியாமலே பல்லைக் கடிச்சிக்கிட்டு இருப்பம், ராவில நித்திரையிலயும் கடிப்பம். மேல் பல்லும் கீழ் பல்லும் சாப்பிடக்குள்ள, விழுங்கக்குள்ள தொட்டாக் காணும், ஒரு நாளைக்கு மொத்தமாக் கூட்டினாலும் இருபது நிமிசம் வராது. மிச்ச நேரமெல்லாம் உதடு மூடி, பல்லு தொடாம இருக்கணும். நீங்க இப்ப இதை வாசிக்கக்குள்ள பல்லு தொடுதா எண்டு பாருங்க.

நாக்கை எங்க வைக்கிறது எண்டு எல்லாரும் கேப்பாங்க. "ன்" எண்டு சொல்லி நிப்பாட்டுங்க, நாக்கு நுனி மேல் முன் பல்லுக்குப் பின்னுக்கு நிக்கும், அங்கயே விடுங்க, தாடை தன்ட பாட்டில தொங்கும். அதுதான் தாடைக்கு ஓய்வு. மெசின்ல ஒரு ஒட்டுப்பொட்டு, ஃபோன்ல ஒண்டு, அடுப்படியில ஒண்டு ஒட்டுங்க, கண்ணில படுற ஒவ்வொரு தரமும் பல்லை விடுங்க. பிறகு நாக்கை அந்த இடத்திலயே வெச்சிக்கிட்டு மெதுவா வாயைத் தொறங்க, நாக்கு விடுற அளவுக்கு மேல போக வேணாம், ஆறு தரம், ஒரு நாளைக்கு ஆறு வேளை. சூடான ஈரத் துவாயால கன்னத்துக்கும் பிடரிக்கும் பத்துப் பதினஞ்சி நிமிசம் ஒத்தணம் பிடிச்சி, அந்த மசெட்டர்ல நோகிற இடத்தை விரல் நுனியால அரை நிமிசம் மெதுவா உருட்டுங்க. வலிக்க வலிக்க அமத்த வேணாம், எண்ணெய் போட்டுப் பிடிக்கிற ஆளிட்ட கழுத்தை முறிக்கக் குடுக்கவே வேணாம்.

தலை ஒண்டு அஞ்சு கிலோவுக்குக் கிட்ட. மெசினுக்கு மேல குனியக் குனிய அந்தப் பாரத்தைப் பிடரிதான் பிடிச்சிக்கிட்டு இருக்கும். கதிரையை உயர்த்தாதீங்க, துணியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு வாங்க, லைட்டை மாத்துங்க. வெளிச்சம் காணாட்டித்தான் நம்ம குனியிறது. கொஞ்ச நாளைக்கு நண்டுக்கால், கச்சான், மாங்கொட்டை வேணாம் (மட்டக்களப்பில நிண்டு நண்டு வேணாமெண்டு சொன்னதுக்கு மன்னிக்கணும்).

நைட் கார்ட் எண்டு பல்லுக்குப் போடுற கவசம் பத்தியும் யாராவது சொல்லுவாங்க. பல்லு தேயாமக் காப்பாத்தும், ஆனா வலிக்கு அது மட்டும் காணாது. 2023 டிசம்பர்ல பிஎம்ஜே மருத்துவ சஞ்சிகையில வந்த வழிகாட்டியில தாடைப் பயிற்சி, தசையைக் கையால பிடிச்சி விடுறது, நிமிந்து இருக்கிற பயிற்சி, வலியைக் கையாளப் பழக்கிற மன ஆலோசனை, இதுகளைத்தான் முன்னுக்கு வெச்சாங்க. கழட்டிப் போடுற கவசத்தையும் தசையைத் தளர்த்திற போட்டொக்ஸ் ஊசியையும் பொதுவா வேணாம் எண்ட பக்கத்தில போட்டாங்க. பல்லையே ராவி மாத்திற மாதிரி திருப்பி எடுக்க ஏலாத எதையும் தாடை வலிக்கு அவசரப்பட்டுச் செய்ய வேணாம், பல்லுப் புடுங்கிறது உட்பட. டக் சத்தத்துக்கும் பயப்பட வேணாம், வலி இல்லாத சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்ல. ஒரு நாள் வாய் பாதியில பூட்டிக்கிட்டா மட்டும் உடனே போங்க.

பனடோலைப் பத்தி சண்டை பிடிக்கணும். மாசத்தில பதினஞ்சி நாளும் அதுக்கு மேலயும், மூண்டு மாசத்துக்கு மேல போட்டா, அந்தக் குளிசையே தலையிடியைத் தரும். உங்கட நெத்திப்பொட்டு இடிக்கிறதில அதுக்கும் பங்கிருக்கலாம்.

போறதெண்டா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில பல் பகுதிக்குப் போய் தாடை மூட்டு வலி எண்டு சொல்லுங்க. வாய் முக சத்திரசிகிச்சை நிபுணர், பிசியோ, ரெண்டு பேரையும் கேளுங்க. அரச ஆஸ்பத்திரி, காசில்ல. ராவைக்கு அமிட்ரிப்டிலின் எண்டு சின்ன அளவில ஒரு குளிசை எழுதினாலும் பதறாதீங்க, பெட்டிக்குள்ள மனச்சோர்வு மருந்து எண்டு இருக்கும், நாட்பட்ட வலிக்கும் அதுதான் குடுக்கிறது.

வெத்திலைப்பெட்டி:
தம்பி எல்லாம் சரியாத்தான் சொல்றார். புள்ள, நான் களுவாஞ்சிக்குடி, வயசு 64, ஒண்டு கேக்கிறன் கோவிக்காத, வெத்திலை பாக்கு போடுறயா? எனக்கும் வாய் ரெண்டு விரல்தான் தொறந்தது, மூட்டு எண்டு நினைச்சன். பார்த்தா பாக்கால உள்கன்னத் தோல் நார் மாதிரி இறுகிப் போயிருக்கு எண்டாங்க. கறி உறைப்புப் பட்டா வாய் எரியும், உள்பக்கம் வெளிறிக் கிடக்கும், விரலால தடவினா கயிறு மாதிரி தட்டுப்படும். அது புற்றுநோய்க்கு முந்தின படியாகவும் போகலாமாம். பொயிலை இல்லாம வெறும் பாக்குப் போட்டாலும் வருமாம், அதுதான் எனக்குத் தெரியாமப் போனது. இப்ப பெட்டி மட்டும்தான் இருக்கு, உள்ளுக்கு ஒண்டுமில்ல.

ஊசிநூல்:
இல்ல ஐயா, நான் வெத்திலை போடுறல்ல. மாமி போடுறா, அவட வாயைப் பார்க்கணும் எண்டு இப்பதான் நினைப்பு வருது.

வாவிக்கரை:
ஒரு விசயம் யாரும் சொல்லல்ல. எங்கட பெரியப்பாக்கு நடக்கக்குள்ள இடத் தாடையில வலி வரும், நிண்டா போயிடும். பல்லு வலி எண்டு ரெண்டு கிழமை இருந்தார், ஒரு நாள் வேர்த்து மூச்சு முட்டி விழுந்துட்டார், பார்த்தா ஹார்ட். நடந்தா ஏறினா வாற தாடை வலி, வேர்வை, நெஞ்சு பாரம் எண்டா பல்லு டொக்டரைத் தேட வேணாம், 1990 எண்ட நம்பருக்கு ஃபோன் அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசில்ல. அம்பதுக்கு மேல உள்ளவங்களுக்கு புதுசா நெத்திப்பொட்டு நோவு வந்து, சப்பக்குள்ள தாடை களைச்சி, கண்ணும் மங்கினா அதையும் அண்டைக்கே காட்டணும், கண் போயிடும்.

ஊசிநூல்:
ஏழு கிழமைக்குப் பிறகு வந்திருக்கன். பல்லைப் புடுங்கல்ல. போதனா வைத்தியசாலைக்குப் போனன், காலையில ஆறு மணிக்கு நம்பர் எடுத்து பன்னிரண்டுக்குத்தான் கூப்பிட்டாங்க, ஆனா அந்த டொக்டர் வாய்க்குள்ள பார்க்க முதல் கன்னத்தைத்தான் தடவிப் பார்த்தார், அப்பவே பாதி வலி போன மாதிரி இருந்தது. தசையும் மூட்டும்தானாம். பிசியோ புள்ளை மூண்டு தரம் வரச் சொன்னா, நான் ரெண்டு தரம்தான் போனன், யூனிபோம் ஓடர் வந்திட்டு.

இப்ப மூண்டு விரல் போகுது, இறுக்கித்தான் போகுது. டக் சத்தம் இன்னும் இருக்கு. காது அடைப்பு இல்ல. பனடோலை விட்ட முதல் கிழமை தலையிடி கூடினது, செத்துப் போவன் எண்டு நினைச்சன், பிறகு குறைஞ்சிட்டு, இப்ப கிழமையில ஒண்டு ரெண்டுதான். சடங்குக்குத் தைச்ச அஞ்சு நாளும் வலி திரும்பி வந்தது, அதையும் சொல்லணும். ஊசி வைக்க கையில கட்டிற மெத்தை ஒண்டு நானே தைச்சன். நூல்தான் இன்னும் பழக்கம் விடுதில்ல, கை நூலைத் தூக்கி வாய்க்குக் கொண்டு போயிடும், மகள் பாடம் படிச்சிக்கிட்டே நிமிராம "அம்மா, பல்லு" எண்டுவாள்.

மருதமுனைக்காரன்:
சந்தோசம் அக்கா. வாப்பா நூல் வெட்டுறதுக்கு ஒரு சின்னக் கத்தரி வெச்சிரிந்தாரு, வளையம் இல்லாதது, உள்ளங்கைக்குள்ள அடங்கும், சுண்டு விரல்ல கயிறு போட்டுக் கட்டிக்கிட்டா கீழயும் விழாது. தையல் சாமான் கடையில கேளுங்க.

ஊசிநூல்:
நாளைக்கு டவுனுக்குப் போறன், ரெண்டு வாங்கிறன். ஒண்டு அம்மாக்கு.