மாடல் மேசை குழு: ஸ்பிட்ஃபயருக்கு நாலு பிளேடு

சி-7 தம்பி, மாலை 7:42
1/48 அளவுல ஸ்பிட்ஃபயர் மார்க் 9 போர் விமான மாடல். ப்ரொப்பல்லர் பிளேடு நாலும் தனித்தனியா வருது. நடுவுல பிளேடு செருகற ஹப்ல காடி எதுவும் இல்ல, அடியில உருண்டை குச்சி மட்டும்தான். முன்னாடி இருந்து பாத்தா கூட்டல் குறி மாதிரி சரியா நிக்குது. ஆனா ஏதோ ஒண்ணு கோணலா உறுத்துது, எதுன்னு பிடிபடல. பசை இன்னும் வைக்கல, ப்ளூ டாக்லதான் (பிய்ச்சு எடுக்கக்கூடிய ஒட்டுக் களிமண்) நிக்குது.
[படம்]

பி-2 அக்கா, 7:45
பசை வைக்காதது நல்லதாப் போச்சு. டேபிள் லைட்டை ஒரு பக்கமா வெச்சுட்டு ஹப்பை மெல்லச் சுத்து. ஒவ்வொரு பிளேடும் 12 மணி இடத்துக்கு வர்றப்போ அதுமேல விழற வெளிச்சக் கோடு எவ்வளவு அகலம்னு பாரு.

சி-7 தம்பி, 7:49
மூணுல கோடு மெல்லிசா ஓரத்துல விழுது. ஒண்ணுல மட்டும் பிளேடு பாதி பளபளங்குது.

பி-2 அக்கா, 7:50
அந்த ஒண்ணுதான் கோளாறு. அதோட பிட்ச் மத்ததோட ஒத்துப் போகல.

ஏ-4 சார், 7:56
தம்பி, இதுல மூணு தப்பு தனித்தனியா வரும். ஒண்ணு, பிளேடுக்கும் பிளேடுக்கும் நடுவுல உள்ள கோணம். ரெண்டு, பிட்ச், அதாவது பிளேடு தன் அச்சுலயே எவ்வளவு திரும்பியிருக்குங்கறது. மூணு, ட்ராக்: சுத்தும்போது எல்லா முனையும் ஒரே தளத்துல போகுதா. முன்னாடி நின்னு பாத்தா முதல் தப்புதான் கண்ணுல படும். மத்த ரெண்டும் உறுத்தும், ஆனா எங்கேன்னு காட்டிக் கொடுக்காது. மூணையும் ஒரே பார்வையில சரி பண்ண நினைக்காதீங்க, ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு போயிடும்.

ஏ-4 சார், 7:58
அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. எந்தப் பக்கம் சுத்தும்னு பாத்தீங்களா?

சி-7 தம்பி, 7:59
விமானியோட இடத்துல இருந்து பாத்தா கடிகார திசை. மெர்லின் எஞ்சின்.

ஏ-4 சார், 8:03
சரி. அப்போ முன்னாடி இருந்து பாக்கறவங்களுக்கு எதிர்க் கடிகார திசை. மேலே நிக்கிற பிளேடோட இடது விளிம்புதான் லீடிங் எட்ஜ், அதாவது காத்தை முதல்ல வெட்டற முன் விளிம்பு. அந்த விளிம்பு உங்களை நோக்கி வெளியே வந்திருக்கணும், வலது விளிம்பு இறக்கைப் பக்கம் உள்ளே போயிருக்கணும். தடிச்சு உருண்டிருக்கறது லீடிங் எட்ஜ், கத்தி மாதிரி மெலிஞ்சு போறது பின் விளிம்பு. புடைச்ச முகம் முன்னால, தட்டை முகம் விமானி பக்கம். இந்த மூணும் ஒத்துப் போகலைன்னா பிளேடு தலைகீழா செருகியிருக்குன்னு அர்த்தம்.

பி-2 அக்கா, 8:05
மார்க் 12, 14, 18 கட்டறவங்க இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கணும். கிரிஃபன் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுத்தும். தனியா ரெசின் (வார்த்த பிசின்) பிளேடு வாங்கறப்போ மெர்லினுக்கு உள்ளதா கிரிஃபனுக்கு உள்ளதான்னு பாத்து வாங்கணும், மாறி வந்துட்டா, பிளேடைச் சரியான கோணத்துல பிடிச்சு வைக்கற எந்த ஜிக்கும் காப்பாத்தாது.

சி-7 தம்பி, 8:06
திசை சரியாத்தான் இருக்கு. கோணத்துக்கு என்ன பண்றது? ஜிக் வாங்கணுமா?

பி-2 அக்கா, 8:14
வேண்டாம். ஒரு துண்டு பிளைவுட், ஒரு தாள், 1 மி.மீ. பித்தளைக் கம்பி, அவ்வளவுதான். தாள்ல காம்பஸ் வெச்சு ரெண்டு வட்டம் போடு. வெளி வட்டம் பிளேடு முனைக்கு. மார்க் 9ல வர்ற ரோட்டல் கம்பெனி ப்ரொப்பல்லர் 10 அடி 9 அங்குலம், 1/48ல விட்டம் 68.3 மி.மீ. உள் வட்டம் ஆரத்துல முக்கால் பங்கு, அதாவது மையத்துல இருந்து 25.6 மி.மீ. அது பிட்சுக்கு, அப்புறம் சொல்றேன். மூலைமட்டம் வெச்சு மையம் வழியா ரெண்டு குறுக்குக் கோடு. தாளைப் பலகையில ஒட்டிட்டு நடுவுல 1 மி.மீ. துளை போட்டு கம்பியை நிமிர்ந்து நிக்க வை. கம்பி சாஞ்சா எல்லாமே சாயும். மூலைமட்டத்தை கம்பி ஓரமா ரெண்டு பக்கமும் நிறுத்திப் பாரு.

பி-2 அக்கா, 8:16
மூணு பிளேடுக்கு கோணமானியே வேண்டாம். அதே ஆரத்தை வட்டத்து மேல ஆறு தடவை அடிச்சிட்டு ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்துக்கோ, 120° வந்துடும். அஞ்சு பிளேடுன்னா விட்டத்தை 0.588ஆல பெருக்கு. 70 மி.மீ. வட்டத்துக்கு 41.1 மி.மீ. டிவைடர்ல அந்த அளவை வெச்சு அஞ்சு அடி அடிச்சா புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரணும்.

டி-1 அண்ணா, 8:18
கம்ப்யூட்டர்ல வரைஞ்சு பிரிண்ட் எடுத்தா ஆகாதா?

பி-2 அக்கா, 8:20
ஆகுமே. பிரிண்டர் கொஞ்சம் சுருக்கினாலும் கோணம் மாறாது, வட்டம்தான் சின்னதாகும். 100 சதவீதத்துல எடுத்துட்டு ஸ்கேல் வெச்சு ஒரு தடவை அளந்துக்கோங்க.

சி-7 தம்பி, 8:22
பிளேடோட எந்த ஓரத்தைக் கோட்டுக்கு நேரா வைக்கணும்?

ஏ-4 சார், 8:25
ஓரத்தை வைக்கவே கூடாது. பிளேடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையல, தேய்க்கிறப்போ அகலமும் கொஞ்சம் மாறியிருக்கும். தட்டை முகத்துல குச்சி நடுவுல இருந்து முனை நடு வரைக்கும் மெல்லிசா பென்சில் கோடு இழுங்க. அந்தக் கோடு தாள்ல உள்ள கோட்டு மேல உக்காரணும். இந்த அளவுல 1° பிசகினா முனையில 0.6 மி.மீ. தள்ளிப் போகும்.

பி-2 அக்கா, 8:34
இப்போ பிட்ச். 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்ல செங்கோண முக்கோணம் வெட்டு: அடி 10 மி.மீ., உயரம் 4.7 மி.மீ. சரிவு 25° வரும். மூணு மூணா ஒட்டி நாலு ஆப்பு செய். அப்புறம் நாலையும் டபுள் டேப்ல சேர்த்து அடுக்கி ஒரே தடவையா அரத்தால தேய். இந்த வேலையை விட்டுடாத. 24° ஆனாலும் 26° ஆனாலும் யாருக்கும் தெரியாது, நாலும் நாலு விதமா இருந்தா வாசல்ல நிக்கிறவங்களுக்கே தெரியும்.

சி-7 தம்பி, 8:35
25° ஏன்?

ஏ-4 சார், 8:38
நின்னுட்டு இருக்கற விமானம் கட்டறீங்க. தரையிறங்கும்போது பிட்ச் லீவர் ஃபைன் பக்கம், அதாவது குறைஞ்ச கோணத்துல இருக்கும், எஞ்சினை நிறுத்தறப்பவும் பிளேடு அங்கேயே நின்னுடும். அதனால தட்டையான கோணம். பறக்கற மாதிரி ஸ்டாண்டுல வைக்கிறதா இருந்தா கூட்டிக்கலாம். பிளேடு முறுக்கா இருக்கறதால வேர்ல ஒரு கோணம், முனையில ஒரு கோணம். அதான் ஆப்பு நாலும் அந்த 25.6 மி.மீ. வட்டத்து மேலதான் உக்காரணும். ஒண்ணு 3 மி.மீ. உள்ளே போனாலும் அந்த பிளேடு மட்டும் வேற பிட்சுல ஒட்டிக்கும்.

பி-2 அக்கா, 8:43
ஹப்போட பின் தட்டு கீழே படற மாதிரி கம்பியில மாட்டு. மேல இருந்து நீ பாக்கறது விமானத்தை முன்னாடி இருந்து பாக்கற மாதிரி. உனக்கு எதிர்ப்பக்கமா நீட்டிட்டு இருக்கற பிளேடுக்கு ஆப்போட உயர்ந்த பக்கம் இடது கைப் பக்கம். பலகையைத் திருப்பித் திருப்பி நாலுக்கும் அப்படியே வை. ஆப்பு உயரமா போச்சுன்னா பிளேடு ஹப்பைத் தூக்கும், குடை மாதிரி வளைஞ்சு ஒட்டிக்கும். அப்போ ஹப்புக்கு அடியில ஷீட் துண்டு ஒண்ணொண்ணா சொருகு. ஆப்பு தாழ்வா இருந்தா ஆப்புக்கு அடியில. பிளேடு ஆப்பு மேல படுத்திருக்கணும், ஆனா தாங்கி நிக்கக் கூடாது.

சி-7 தம்பி, 8:45
சூப்பர் க்ளூ போடலாமா?

பி-2 அக்கா, 8:49
பிளாஸ்டிக் பிளேடுக்கு வேண்டவே வேண்டாம். வெச்ச நொடியே பிடிச்சுடும், திருத்த முடியாது. ஸ்பின்னர் (ஹப்பை மூடற கூம்பு) மேல வெள்ளையா பூத்தும் போகும். ட்யூப்ல வர்ற கெட்டி சிமெண்ட் எடுத்து குச்சி நுனியில ஊசி முனையால ஒரு சொட்டு வை. அஞ்சாறு நிமிஷம் அசைக்க இடம் கொடுக்கும். அதிகமா வெச்சா குச்சியே இளகி பிளேடு தன் எடைக்கே தொங்கிடும். வேர்ல பெயிண்ட் இருந்தா முதல்ல சுரண்டிடு, பெயிண்ட் மேல சிமெண்ட் பிடிக்காது. நாலும் சரியான பிறகு தண்ணி மாதிரி இருக்கற மெல்லிய சிமெண்டை வேர்ல தொட்டு விடு, தானா உள்ளே ஓடிடும். ராத்திரி முழுக்க ஜிக்லயே கிடக்கட்டும்.

ஏ-4 சார், 8:51
ரெசின் பிளேடா இருந்தா 5 நிமிஷ எபாக்ஸி.

பி-2 அக்கா, 8:52
ஆமா சார். ஸ்பின்னர் மூடியையும் பசை காயறதுக்கு முன்னாடியே ஒரு தடவை மேல வெச்சுப் பாத்துடணும். சில கிட்ல மூடி ஒரே ஒரு நிலையிலதான் உக்காரும். பிளேடுக்கான வெட்டு ஒரு பக்கம் இடிச்சா அப்பவே எல்லா பிளேடையும் சேர்த்துத் திருப்பலாம், காலையில முடியாது.

ஏ-4 சார், 9:04
சோதனை ரெண்டு. வெர்னியர்ல பக்கத்துப் பக்கத்து முனைகளை அளங்க. நாலு பிளேடுக்கு விட்டத்துல 0.707 பங்கு, உங்களுக்கு 48.3 மி.மீ. மூணு பிளேடுன்னா 0.866. எண்ணே வழி சொல்லும். 47.9, 48.7, 47.9, 48.7னு மாறி மாறி வந்தா எதிரெதிர் ஜோடி ஒண்ணு மொத்தமா 1° திரும்பியிருக்கு. ரெண்டு இடைவெளி கூடி, ரெண்டு சரியா இருந்தா, அந்த ரெண்டுக்கும் பொதுவான பிளேடு முழுசா உள்ளே இறங்கல. கிட்டோட பிளேடே கொஞ்சம் குட்டையா நெட்டையா இருக்கலாம், அதனால நாலும் சமமாங்கறதுதான் முக்கியம்.

ஏ-4 சார், 9:07
அடுத்தது ட்ராக். நிஜ விமானத்துல மெக்கானிக் செய்றதேதான். ப்ரொப்பல்லரை கம்பியிலயே விட்டுட்டு, ஒரு பிளேடு முனைக்கு அரை மி.மீ. மேல குண்டூசி நுனி வர்ற மாதிரி களிமண்ல குத்தி நிறுத்துங்க. கையால மெல்லச் சுத்துங்க. ஒவ்வொரு முனையும் அதே இடைவெளியில கடக்கணும். ஒண்ணு மட்டும் ஊசியை உரசினா அது முன்னால வளைஞ்சிருக்கு. எல்லாமே ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினா பிளேடு மேல தப்பில்ல, ஹப் துளைதான் சாய்வு.

டி-1 அண்ணா, 9:11
சார், நான் 1/72ல ஏடிஆர் 72 பயணிகள் விமானம் எடுத்திருக்கேன். அதுக்கும் இந்த 25° ஆப்புதானா?

ஏ-4 சார், 9:16
இல்ல. சென்னை ஏர்போர்ட்ல நிக்கிற ஏடிஆரை முன்னாடி இருந்து பாருங்க, பிளேடு ஆறும் ஒல்லியா கத்தி விளிம்பு மாதிரி தெரியும். எஞ்சினை நிறுத்தும்போது ஃபெதர்ல, அதாவது பிளேடு காத்துக்கு விளிம்பைக் காட்டற நிலைக்குப் போயிடும். ஆப்புக்குப் பதிலா பிளேடைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடிக்கற காடி வேணும், தட்டை முகத்துக்கு ஒரு செங்குத்துச் சுவர் வெச்சாலே போதும். 60° கோடு. விட்டம் 3.93 மீட்டர், 1/72ல 54.6 மி.மீ. ரெண்டு எஞ்சினும் ஒரே பக்கம்தான் சுத்தும், அதனால ஒரே ஜிக்ல ரெண்டையும் முடிச்சுடலாம். பி-38 லைட்னிங் மாதிரி எதிரெதிரா சுத்தறதுக்குத்தான் ரெண்டு ஜிக். அதுல இடது வலது பிளேடை ஸ்ப்ரூல (பாகங்கள் ஒட்டிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) இருந்து வெட்டும்போதே தனித்தனி டப்பாவுல போட்டுடணும்.

சி-7 தம்பி, 10:31
ஜிக் முடிச்சு நாலையும் பசை வெச்சுட்டேன். 48.2, 48.3, 48.4, 48.3.
[படம்]

பி-2 அக்கா, 10:33
ரொம்ப நல்லா வந்திருக்கு. வெளிச்சம்?

சி-7 தம்பி, 10:34
நாலுலயும் ஒரே அகலக் கோடு. மூடியும் இடிக்காம உக்காருது. ஒண்ணு மட்டும் மறந்துட்டேன் அக்கா, முனையில மஞ்சள் அடிக்காமலே ஒட்டிட்டேன்.

பி-2 அக்கா, 10:38
பரவாயில்ல. மஞ்சள் 4 அங்குலம், உனக்கு 2.1 மி.மீ. நாளைக்கு காய்ஞ்சதும் அதே தாள்ல 32 மி.மீ. ஆரத்துல இன்னொரு வட்டம் போடு. நாலு பிளேடுலயும் மாஸ்கிங் டேப்போட வெளி விளிம்பு அந்த வட்டத்து மேல வரட்டும். மஞ்சளுக்கு அடியில முதல்ல வெள்ளை ஒரு கோட்டிங், கறுப்பு மேல நேரா அடிச்சா பச்சை அடிக்கும்.