பாலக்காடா, மைசூரா, கோவையா: பெண் பிள்ளையோடு குடியேற எது தோதான ஊர்?

கரூர்க்காரன்:
வணக்கம். வங்கியில் வேலை. பதவி உயர்வோடு இடமாற்றம் வருகிறது. பாலக்காடு, மைசூர், கோவை மூன்றில் ஒன்றை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நானும் மனைவியும் வேறு வேறு சாதி. கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு வீட்டிலும் போக்குவரத்து கிடையாது. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். இங்கே வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், "எத்தனை பேர்?" என்று கேட்ட கையோடு "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். சமீபத்தில் ஒருவர் அட்வான்ஸை வாங்கிவிட்டு மறுநாளே திருப்பிக் கொடுத்தார். மனைவியின் ஊரில் விசாரித்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"கேரளா போங்க, அங்க சாதியே கிடையாது" என்கிறார் அலுவலகத்தில் ஒருவர். "வெளியே பேசுறது ஒண்ணு, வீட்டுக்குள்ள நம்மளைவிட இறுக்கம்" என்கிறார் இன்னொருவர். மைசூரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆளே இல்லை. எது பழமைவாத மாநிலம், எது தாராளமான மாநிலம்? அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நொய்யல்:
யோசிக்காமல் கோவைக்கு வாருங்கள். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இலேயே சட்டம் போட்டது தமிழ்நாடு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-இல் கொண்டுவந்தோம். நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆனது. நாட்டில் ஆலை வேலைக்குப் போகும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் நம் மாநிலத்தில்தான் இருக்கிறார்கள். சம்பாதிக்கிற பெண்ணை இங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. உங்கள் மகளுக்கு அது முக்கியம்.

விளவங்கோடு:
நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டம், விளவங்கோடு பக்கம். 1956 நவம்பர் 1 அன்றுதான் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம். படித்தது திருவனந்தபுரத்தில், வேலை பார்ப்பது கோவையில். இரண்டு பக்கமும் எனக்கு நெருக்கம், இரண்டின் மேலும் கோபமும் உண்டு.

நொய்யல் அண்ணா சொன்ன சட்டங்களெல்லாம் உண்மை. ஆனால் இவர் கலப்பு மணம் செய்தவர். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருக்க, சாதி மாறிக் கல்யாணம் செய்த ஒரு பையனை வெட்டிக் கொன்றார்கள். கோவைக்கு வந்தால் அதை மறந்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். கேரளத்திலும் நடக்காமல் இல்லை. 2018-இல் கோட்டயத்துப் பையன் ஒருவனைப் பெண்ணின் அண்ணனே ஆள் சேர்த்துக் கடத்திப் போனான். பையன் பிணமாகத்தான் கிடைத்தான். அடுத்த வருடமே கோர்ட் அதை ஆணவக்கொலை என்று சொல்லி பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அங்கே மாநிலமே அதிர்ந்துபோனது. இங்கே நாம் இப்படிக் கொல்லப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலே வைத்திருக்கிறோம்.

ஏன் இந்த வித்தியாசம்? தமிழ்நாட்டில் கல்யாணம் என்பது சொந்தபந்தத்துக்குள் நடக்கிற கொடுக்கல் வாங்கல். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இங்கே 100 பெண்களில் சுமார் 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். கேரளத்தில் 5 பேர்கூட இல்லை. முறைப்பெண் வழக்கம் அங்கேயும் இருந்ததுதான், இப்போது அநேகமாக ஒழிந்துவிட்டது. என் சித்தி சொந்தத் தாய்மாமனைக் கட்டியவர். ஹாஸ்டலில் அதைச் சொன்னபோது மலையாளத் தோழிகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெண் மேல் மாமனுக்கும் மச்சானுக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிற ஊரில், அவள் வெளியே கட்டினால் பெற்றவர்களோடு போகாது. ஒரு கூட்டமே அதைத் தன் அவமானமாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்கு மகள் இருப்பதால். நம் ஊரில் பெண் வயதுக்கு வந்தால் தெருமுனையில் ஃபிளெக்ஸ். பட்டுப்புடவையில் அந்தக் குழந்தை, சுற்றிலும் மாமன்கள், கட்சிக்காரர்களின் படங்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவளோடு படிக்கிற பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டு போவார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும். திருவனந்தபுரத்தில் இருந்தவரை அப்படி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, கேரளத்துக்கே போய்விடலாமா? அங்கே தெருதான் பிரச்சினை. நான் இருந்த ஹாஸ்டலில் இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். நூலகம் அதற்குப் பிறகும் திறந்திருக்கும். பையன்கள் உட்கார்ந்து படிப்பார்கள், நாங்கள் வார்டனிடம் காரணம் எழுதிக் கொடுத்துக் கெஞ்ச வேண்டும். ஆணும் பெண்ணும் கடற்கரையில் சேர்ந்து உட்கார்ந்தால் 'சதாசாரப் போலீஸ்' வந்துவிடும். நிஜப் போலீஸ் இல்லை, அக்கம்பக்கத்து ஆட்கள்தான். 2022-இல் ஸ்ரீகார்யம் பக்கம், பொறியியல் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் மாணவர்களும் மாணவிகளும் ஒட்டி உட்காருகிறார்கள் என்று நீள பெஞ்சையே மூன்று தனி இருக்கைகளாக வெட்டிவிட்டார்கள். பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து படம் எடுத்துப் போட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். எழுத்தறிவில் நாட்டின் முன்வரிசையில் நிற்கிற மாநிலத்தின் தலைநகரில் நடந்தது இது. கோவையில் ராத்திரி பத்து மணிக்கு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், ஷிஃப்ட் முடித்த பெண்கள் நாலு பேர் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நானும் போய் நிற்பேன். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

கோயில் விஷயத்திலும் ஒரே கோடு போட முடியாது. எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 1970-இலேயே முதலில் சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடு. வழக்குகளில் இழுத்து, பரவலாக நியமனம் நடந்தது 2021-இல். அதற்குள் 2017-இலேயே கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டின் கோயில்களுக்குப் பிராமணர் அல்லாத 36 பேரைப் பூசாரிகளாகத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் 6 பேர் தலித்துகள். மறு வருடம் சபரிமலைத் தீர்ப்பு வந்தபோது அதே ஊரில் ஆயிரக்கணக்கான பெண்களே தீர்ப்பை எதிர்த்து நாமம் சொல்லி ஊர்வலம் போனார்கள்.

அதனால் என் பதில் இது. இப்போதைக்குப் பாலக்காடு. வீடும் அக்கம்பக்கமும் நீங்கள் இருவரும் நிம்மதியாக இருக்கிற மாதிரி அமையும். உங்கள் வேலையில் எப்படியும் சில வருடங்களில் அடுத்த மாற்றல் வரும். மகள் கல்லூரி போகிற வயதில் கோவையைக் கேளுங்கள். ஒன்பது வயதில் அவளுக்கு வேண்டியதும் பதினெட்டு வயதில் வேண்டியதும் வேறு.

சாமுண்டிமலை:
மைசூரில் மூன்றாவது தலைமுறைத் தமிழன் நான். கர்நாடகா என்று ஒரே மூச்சில் பேசவே முடியாது. பெங்களூரு ஒரு உலகம். கரையோரம் வேறு, 2009-இல் மங்களூரில் பப்புக்குள் புகுந்து பெண்களை அடித்தார்களே, அந்தப் பக்கம் இன்னும் அந்தப் பயம் இருக்கிறது. வட கர்நாடகா இன்னொரு கதை. நமது பழைய மைசூர்ப் பகுதி சாந்தமானது. சாதியை நேரடியாகக் கேட்க மாட்டார்கள், "நீங்க நான்-வெஜ்ஜா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் வீடு வேறு ஒருவருக்குப் பேசியாகிவிட்டது என்பார்கள். நல்ல வீட்டுக்காரர்களும் நிறைய உண்டு, தேட வேண்டும்.

விளவங்கோடு அக்கா சொன்ன அதே கணக்கெடுப்பில் 20–24 வயதுப் பெண்களில் 18 வயதுக்குள் கல்யாணம் ஆனவர்களின் கணக்கும் இருக்கிறது. கேரளத்தில் 6.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8, எங்களிடம் 21.3, ஆந்திராவில் 29.3. ஊரின் அழகைப் பார்த்து வருகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

கரூர்க்காரன்:
அனைவருக்கும் நன்றி. விளவங்கோடு சகோதரி எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஃபிளெக்ஸ் பற்றிய பத்தியை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். பாலக்காடு என்று எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். அந்த மாவட்டத்தில் சித்தூர் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம், தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு என்கிறார்கள். அங்கே வீடு பார்க்கலாமா?

விளவங்கோடு:
அண்ணா, தமிழுக்காக மட்டும் அங்கே போகாதீர்கள். தமிழோடு கொங்குப் பக்கத்துச் சாதியும் எல்லை தாண்டி வந்திருக்கிறது. 2017-இல் அந்தப் பக்கத்து முதலமடை பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி மக்கள், டீக்கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் தங்களை ஒதுக்குவதாக வெளியே வந்து சொன்னார்கள். கேரளம் முழுக்க அது செய்தியானது. நீங்கள் எதை விட்டு வருகிறீர்களோ அதே கேள்வி அங்கே காத்திருக்கும். கல்பாத்தி அக்ரஹாரத் தெருக்களிலும் தமிழ் கேட்கும், ஆனால் உங்களுக்கு அது தோதுப்படாது.

ஒலவக்கோடு அல்லது சந்திரநகர் பக்கம் பாருங்கள். ரயில்வே, வங்கி, தொழிற்சாலை என்று வெளியூர் ஆட்கள் கலந்து இருக்கிற இடங்கள். யார் எந்த ஊர் என்று விசாரிக்க ஆள் இருக்காது. மகளுக்கு மலையாளம் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். பள்ளிகளில் அது கட்டாயம் என்று 2017-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நான்காம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்து சீக்கிரம் பிடிபடும். கோடை விடுமுறையில் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், காணொளியில் நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.