லூதர் கேம்பெலுக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டும்?

பழைய கேசட்:
ஹிப் ஹாப் வரலாறு பேச ஆரம்பித்தால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் இரண்டையே சுற்றிச் சுற்றி வருகிறோம். மயாமியை யாரும் எடுப்பதில்லை. அங்கே லிபர்ட்டி சிட்டி என்ற கறுப்பினப் பகுதியிலிருந்து வந்த லூதர் கேம்பெல், பெரிய கம்பெனிகளின் வாசலில் நிற்காமல் சொந்தமாக இசை நிறுவனம் நடத்தினார். முதலில் அதற்கு லூக் ஸ்கைவாக்கர் ரெக்கார்ட்ஸ் என்று பெயர். அது 'ஸ்டார் வார்ஸ்' நாயகன் பெயர் என்று அந்தப் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் வழக்குப் போட்டதும் லூக் ரெக்கார்ட்ஸ் ஆனது. கலிஃபோர்னியாவில் உருவான டூ லைவ் க்ரூ குழுவை மயாமிக்கு வரவழைத்து, தானும் அதில் சேர்ந்துகொண்டார்.

1989இல் வந்த 'ஆஸ் நாஸ்டி ஆஸ் தே வான்னா பி' ஆல்பம் இருபது லட்சம் பிரதி விற்றது. 1990 ஜூன் 6 அன்று ஃபோர்ட் லாடர்டேலில் ஃபெடரல் நீதிபதி ஹோசே கொன்சாலெஸ் அதை ஆபாசம் என்று அறிவித்தார். இரண்டே நாளில் அதை விற்ற சார்லஸ் ஃப்ரீமன் என்ற கடைக்காரர் கைது. அடுத்த இரண்டு நாளில், பெரியவர்கள் மட்டும் வந்திருந்த ஒரு கிளப்பில் பாடியதற்காகக் குழுவினர் மீதும் போலீஸ் பாய்ந்தது.

இன்று ராப் பாடுகிற எவரும் பாட்டு வரிக்காக ஜெயிலுக்குப் போவோமா என்று யோசிப்பதில்லை என்றால், அதற்கு இந்த மனிதர் வக்கீல்களுக்குக் கொட்டிய பணமும் ஒரு காரணம். நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

நிலாமுகி:
கேசட் அண்ணே, அந்த ஆல்பத்தை முழுசாகக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு? நான் இந்த வாரம் கேட்டேன். அதில் பெண் என்று ஓர் ஆள் எங்குமே வருவதில்லை, உறுப்புகள்தான் வருகின்றன. வலிக்க வைப்பதும் அதில் ஒரு ஜோக்.

கேம்பெல் கருத்துரிமைக்காகப் பாட்டுப் போடவில்லை. விற்றதால் போட்டார். போலீஸ் வந்த பிறகு அரசியல் சாசனத்தைக் கையில் எடுத்தார். அதில் தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் போராளிப் பட்டம் எதற்கு?

சட்டக்கிறுக்கன்:
கைதுக்கு அப்புறம்தான் அவர் கோர்ட்டுக்குப் போனார் என்பது சரியில்லை. வரிசை தலைகீழ்.

ஃபோர்ட் லாடர்டேல் இருக்கும் ப்ரோவர்ட் கவுண்டியின் ஷெரிஃப், அதாவது போலீஸ் தலைவர், நிக் நவாரோவின் ஆள் ஒருவர் கடையில் கேசட் வாங்கி, சில பாடல்களை எழுத்தில் இறக்கி, உள்ளூர் நீதிபதியிடம் கொடுத்தார். அவரும் 'ஆபாசம் என்று நினைக்க முகாந்திரம் இருக்கிறது' என்று உத்தரவு போட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஷெரிஃப் ஆட்கள் கடை கடையாக ஏறி, 'இதை விற்றால் உள்ளே போவாய்' என்றார்கள். வழக்கு எதுவும் இல்லை, தண்டனை எதுவும் இல்லை, ஆனால் கவுண்டி முழுக்க அலமாரியிலிருந்து கேசட் காணாமல் போனது. அப்போதுதான் கேம்பெலின் நிறுவனம் ஷெரிஃப் மீது வழக்குப் போட்டது. ஜூன் 6 தீர்ப்பு வந்தது அந்த வழக்கில்தான், அதாவது அவரே போட்ட வழக்கில்.

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அதே தீர்ப்பில் கொன்சாலெஸ் ஷெரிஃபையும் கண்டித்தார். முறையான விசாரணைக்கு முன்பே கடைக்காரர்களை மிரட்டியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார். ஆல்பமும் தோற்றது, போலீசும் தோற்றது.

மின்மினி:
வக்கீல் சார் வந்துவிட்டார், இனி தூக்கம் போச்சு 😄
அப்பீலில் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சட்டக்கிறுக்கன்:
கேட்டீர்கள், அனுபவியுங்கள்.

1973இல் உச்ச நீதிமன்றம் மில்லர் வழக்கில் மூன்று கேள்வி வைத்தது. உள்ளூர் மக்களின் அளவுகோலில் இது காம இச்சையைத் தூண்டுகிறதா? சட்டம் குறிப்பிடும் பாலியல் செயலை அருவருப்பாகக் காட்டுகிறதா? மொத்தமாகப் பார்த்தால் கலை, இலக்கிய, அரசியல், அறிவியல் மதிப்பு உருப்படியாக எதுவும் இல்லையா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால்தான் ஆபாசம். முதல் இரண்டில் டூ லைவ் க்ரூ தப்புவது கஷ்டம். ஷெரிஃப் மாட்டிக்கொண்டது மூன்றாவதில்.

கேம்பெல் தரப்பு இசை விமர்சகர்களையும் நிபுணர்களையும் கொண்டுவந்து சாட்சி சொல்ல வைத்தது. ஷெரிஃப் தரப்பு ஒரு கேசட்டை மேஜையில் வைத்ததோடு சரி. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், எதிர்த்தரப்பு சாட்சியே கொண்டுவராதபோது, நீதிபதி தானே கேசட்டைக் கேட்டுவிட்டுக் கலை மதிப்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாது என்று தீர்ப்பை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. விஷயம் முடிந்தது.

நிலாமுகி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஷெரிஃப் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாததால் வந்த வெற்றி அது. ஆல்பத்தில் கலை இருக்கிறது என்று அந்த கோர்ட் சொல்லவில்லை. இல்லை என்று ஷெரிஃப் நிரூபிக்கவில்லை என்றது, அவ்வளவுதான்.

பழைய கேசட்:
கலை இருக்கிறது என்று கோர்ட் சொல்ல வேண்டியதே இல்லை, நிலா. எது கலை என்று சொல்லும் வேலை போலீஸ் கையில் இருக்கக் கூடாது என்பதற்குத்தானே இத்தனை கூத்து?

மேடையில் பாடியதற்கான வழக்கு ஞாபகம் இருக்கிறதா? 1990 அக்டோபரில் ஜூரி அவர்களை விடுவித்தது. ஹென்றி லூயி கேட்ஸ் போன்ற பெரிய பேராசிரியர் வந்து, கறுப்பின மக்களிடையே ஒருவரை ஒருவர் மட்டம் தட்டி, ஊதிப் பெருக்கி வம்பளக்கும் வாய்மொழி மரபு உண்டு, அதன் தொடர்ச்சி இது என்று சாட்சி சொன்னார். போலீஸ் ரகசியமாகப் பதிவு செய்த டேப் கரகரவென்று, பாதி புரியாமல் இருந்தது. அதை ஒரு போலீஸ்காரர் உணர்ச்சியில்லாத குரலில் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. சிரிக்கலாமா என்று ஜூரிகள் நீதிபதியிடம் அனுமதி கேட்டார்களாம்!

நிலாமுகி:
அந்த கேட்ஸ் சாட்சியத்துக்குச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1991இல் பதில் எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள். அவரும் கறுப்பினப் பெண்தான். இந்த வழக்கில் இனவெறி இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஆண்ட்ரூ டைஸ் க்ளே என்ற வெள்ளைக்கார காமெடியன் அதே காலத்தில் அதே மாதிரி பேசிக்கொண்டு சுற்றினார், எந்த ஷெரிஃபும் வரவில்லை. அதனால் குழுவின் மேல் வழக்குப் போட்டது தப்பு என்கிறார். ஆனால் மரபு, பகடி என்று சொல்லித் தப்பிப்பதையும் அவர் ஏற்கவில்லை. அந்த ஜோக்கின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று கேட்கிறார். கறுப்பினப் பெண்கள்தான். அவர்களைக் காப்பாற்றத்தான் வழக்கு என்று போலீசும் சொல்லவில்லை, அவர்கள் புண்படுகிறார்கள் என்று கேட்ஸும் சொல்லவில்லை.

நான் நிற்கும் இடமும் அதுதான். ஜெயிலில் போடாதீர்கள், மாலையும் போடாதீர்கள்.

ஓரத்து இருக்கை:
வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருப்பவன் நான். கோர்ட் கதை எல்லாம் சரி, எனக்கு உபயோகமாக இருந்தது, பெற்றோரை எச்சரிக்க ஆல்பத்தின் மேல் ஒட்டும் அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான். 1985இல் டிப்பர் கோர் மாதிரி வாஷிங்டன் பெண்மணிகள் சேர்ந்து செனட் வரைக்கும் கொண்டுபோன விஷயம் அது. அவர்களை எல்லோரும் கிண்டல் செய்தார்கள், ஆனால் பெற்றோருக்கு ஒரு தகவல் வேண்டும் என்று கேட்டது குற்றமா?

மின்மினி:
ஸ்டிக்கர் வந்து என்ன ஆனது? கறுப்பு வெள்ளையில் இப்போது நாம் பார்க்கும் அந்த 'பேரன்டல் அட்வைசரி' சின்னத்தோடு வந்த முதல் ஆல்பமே டூ லைவ் க்ரூவின் 'பான்ட் இன் தி யு.எஸ்.ஏ' (அமெரிக்காவில் தடை) என்பார்கள். 1990லேயே, கைதான சூட்டோடு, அதையே தலைப்பாக்கி விற்றார் மனுஷன். மெட்டுக்கு 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ' பாடிய ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனிடம் முறையாக அனுமதியும் வாங்கினார். பிள்ளைகளுக்கு அந்தச் சின்னம் 'இதை வாங்கு' என்று கைகாட்டி விட்டது. இன்று டி-ஷர்ட்டில் போட்டுத் திரிகிறார்கள்.

ஓரத்து இருக்கை:
அது உண்மை. என் மகனிடமே ஒன்று இருக்கிறது 🙄

பழைய கேசட்:
யாரும் 1994ஐத் தொடவில்லையே! ராய் ஆர்பிசனின் 'ஓ ப்ரிட்டி வுமன்' பாட்டைக் கிண்டலடித்து ஒரு பாட்டு செய்ய கேம்பெல் தரப்பு அனுமதி கேட்டது. உரிமை வைத்திருந்த அக்கஃப்-ரோஸ் நிறுவனம் மறுத்தது. இவர்கள் பாட்டை வெளியிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காசுக்கு விற்றாலும் பகடி என்பது நியாயமான பயன்பாடாக, அதாவது உரிமையாளர் அனுமதி இல்லாமலே சட்டம் விடுகிற பயன்பாடாக, இருக்கலாம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இன்று அமெரிக்காவில் பகடிப் பாட்டு போடுகிறவன் வக்கீல் அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் புரட்டுவார். இதற்குமா மாலை கிடையாது?

நிலாமுகி:
இதற்கு உண்டு. ஆனால் அந்தப் பாட்டு எந்த ஆல்பத்தில் இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்? 'ஆஸ் க்ளீன் ஆஸ் தே வான்னா பி'. 'நாஸ்டி' வந்த அதே 1989இல் கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டு வெளியிட்ட சுத்தமான பதிப்பு! வழக்குப் போடும்போது அது கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் பிரதி விற்றிருந்தது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 'நாஸ்டி' இருபது லட்சம். எந்தச் சரக்கு ஓடும் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் கொண்டாடும் பெரிய வெற்றி சுத்தப் பதிப்பில் இருந்து வந்தது அண்ணே, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பழைய கேசட்:
😂 இந்த அடி எனக்குத் தேவைதான். ஆனால் சண்டைக்குப் பயப்படாத பழக்கம் வந்தது அந்த இருபது லட்சத்தில்தான். காசு இல்லாத நிறுவனம் அக்கஃப்-ரோஸோடு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்குமா?

சட்டக்கிறுக்கன்:
முதலாளி என்றதும் ஒன்று. 1995இல் அவர் திவாலானார். அவருடைய நிறுவனத்திலேயே பாடிய ஒருவர் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டு ஜெயித்ததும் அதற்கு ஒரு காரணம். பாட்டுகளின் உரிமை, முன்பு அவருக்கு வக்கீலாக இருந்த ஜோ வைன்பெர்கரின் லில் ஜோ ரெக்கார்ட்ஸ் கைக்குப் போனது. குழுவினர் அவற்றைத் திரும்பப் பெறலாம் என்று மயாமி ஜூரி சொன்னது 2024 அக்டோபரில். குழுவில் பாடிய க்ரிஸ் வாங் வோன் 2017லேயே இறந்துவிட்டார். இன்னொரு பாடகர் ப்ரதர் மார்க்விஸ் அதே 2024 ஜூனில் போனார். இரண்டு பேருக்குமே வாரிசுகள்தான் அந்த கோர்ட்டில்.

மின்மினி:
கேம்பெல் சிறுவர்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சி கொடுத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிபர்ட்டி சிட்டியில் அவரை அதற்காகவே தெரிந்தவர்கள் உண்டு, ஒரு பாட்டும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நிலாமுகி:
அது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் சார்லஸ் ஃப்ரீமனை யாரும் நினைப்பதில்லை. பாடியவர்கள் விடுதலை, கேசட் விற்ற கறுப்பினக் கடைக்காரர் மட்டும் குற்றவாளி. ஜூரியில் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். ஆயிரம் டாலர் அபராதம். இந்த இழையில் முதல் பதிவிலேயே அவர் பெயர் வந்தது, அப்புறம் ஒருவரும் தொடவில்லை. கடன்பட்டிருக்கிறோம் என்றால் முதலில் அவருக்குப் படுங்கள்.

பழைய கேசட்:
அவருக்கும்தான். ஆனால் ஒருவரை நிறுத்தி இன்னொருவரை உட்கார வைக்க வேண்டியதில்லை.

ஓரத்து இருக்கை:
சரி, இவ்வளவு பேசியாச்சு. பாட்டைக் கேட்காமல் வரிகளை மட்டும் பார்க்க வழி உண்டா? வீட்டில் ஸ்பீக்கரில் போட முடியாது.

சட்டக்கிறுக்கன்:
'ப்ரிட்டி வுமன்' என்றால் 1994 தீர்ப்பின் பின்னிணைப்பைப் பாருங்கள். ஆர்பிசன் வரிகள் ஒரு பக்கம், டூ லைவ் க்ரூ வரிகள் அடுத்ததில், உச்ச நீதிமன்றமே அச்சடித்து வைத்திருக்கிறது. ஸ்டிக்கர் கிடையாது.